வாடகைச் சுவரில் நைனா

தை, கடைசி ஞாயிறு. திருப்பதி.

பெண் வீட்டாருக்குக் கல்யாண மண்டபத்தை அந்தக் காலத்து வீடுபோல அலங்கரிக்க வேண்டுமாம். அலங்கார வேலை எடுத்த எங்கள் முதலாளி சித்தூர் பழைய சாமான் கடையில் யார் யாருடைய தாத்தா படங்களையோ வாங்கி வந்தார். செத்தவர்கள் என்று தெரியாமலிருக்கக் கண்ணாடியிலிருந்த குங்குமத்தை நான்தான் துடைத்தேன். ஒன்றைத் துடைத்தால் உள்ளே என்னைப் பெற்ற நைனா. வீட்டை இடித்தபோது அண்ணன் எடைக்குப் போட்டிருக்கிறான்.

"எங்க நைனா சார் இது. எடுத்துக்கினு போறேன்."

"ஃபங்ஷன் முடியட்டும்மா. மொகம் நல்லா கீது, நடுவுல மாட்டு."

படத்தில் யார் என்று யாரோ கேட்டதற்குக் கல்யாணப் பெண்ணின் அம்மா, "எங்க மாமனாரு" என்று கூசாமல் சொன்னாள். இவர்களைப் போன்றவர்களின் களத்தில் கூலிக்கு நின்றவர் நைனா.

முடிந்ததும் முதலாளியிடம் மறுபடி கேட்டேன். "அடுத்த கல்யாணத்துக்கும் வேணுமே" என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

குங்குமம் துடைத்த துணி மட்டும் என் பையோடு வந்திருக்கிறது. துவைக்கப் போட மனம் வரவில்லை.