கார் லைட் விஷயமா அக்காவுக்கு

அக்கா,

இன்னைக்குக் காரை எடுக்காதே, நடுரோட்டுல நின்னுடும். சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. பத்து மணிக்கு மெக்கானிக் வருவார், அவர்கிட்ட மட்டும் கொடு.

கார் உள்ளே லைட்டை நீ அணைக்காம விட்டதாலதான் மூணு நாளா பேட்டரி இறங்குதுன்னு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சேனே, காலையில மீட்டர் வச்சுப் பார்த்தேன். இன்ஜின் ஓடாதப்போ பன்னிரண்டு வோல்ட். ஓடினா பதினாலு காட்டணும். ஓடும்போதும் அதே பன்னிரண்டுதான். சார்ஜே ஏறலை! சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரோட பெல்ட்டை அழுத்திப் பார்த்தா தொளதொளன்னு கிடக்கு. போன மாசம் "மெக்கானிக் எதுக்கு, நானே மாட்டுறேன்"னு அதை மாட்டின மேதாவி யாருன்னு உனக்கே தெரியும்.

"உனக்கெல்லாம் எதுக்குக் காரு"ன்னு கேட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுத் திட்டு.

தம்பி

இன்னொண்ணு. நேத்து சாயங்காலம் காரைப் பூட்டிட்டு, ரெண்டு தடவை திரும்பிப் போய் லைட்டைப் பார்த்துட்டு வந்தியே, மாடியிலிருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இனிமே போகாதே அக்கா. முதல் நாளும் நீ அணைச்சிட்டுத்தான் வந்திருப்பே.