வாப்பா கேட்ட மாப்பு

ஆகஸ்ட் 14, வியாழன் இரவு

வாப்பாவுக்குப் பயம். எழுதிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

நாளைக்கு விடிய சுபஹ் தொழுத கையோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கப் போகிறார்கள். ஒரு கிழமையாக நான் அவரைப் பகிடி பண்ணாமல் விடவில்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி அவருடைய இடுப்பில் வைத்து, "அடுத்த கிழமை ஒட்டும், வாப்பா" என்றேன். கண்டக்குழிக் கடலில் முப்பது வருடம் வலை இழுத்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகவும் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. கடைசியாக என்னிடம் வந்தார்.

"மகள், ஏசியிருப்பன், அடிச்சிருப்பன். மாப்புத் தா."

இரண்டு கையாலும் பொல்லைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். என் வாய்க்குப் பகிடி மட்டும்தான் பழக்கம்.

"இப்பத் தர ஏலா. பொல்லில்லாம நடந்து வந்து வாங்குங்க."

அவர் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்விட்டார்.

"அவர் வராமப் போனா என்னடி செய்வாய்?" என்று உம்மா கேட்டா.

சற்று முன் அவருடைய அறைத் திரைக்கு வெளியே நின்று சொன்னேன். "வாப்பா, எல்லாத்துக்கும் தந்துட்டன்."

"காந்தத்துக்கு நானும் தந்துட்டன். போய்ப் படு."

இன்னும் அவருடைய குறட்டை கேட்கவில்லை. கேட்கும் வரை எழுதலாம் என்று... இதோ, கேட்கிறது.