சீற்றின் உயரம்

கொழும்பில் அக்கா வீட்டில் இருக்கும் என் அன்புக்கு,

நெடுந்தீவில் இருந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் உம்முடைய முகத்தைப் பார்க்க வேண்டி வரும்.

இன்று எங்கள் மகனின் சைக்கிளை எடுத்தேன். அவன் நெடுந்தீவுக்குப் போக இருந்த வழியிலேயே வேலணை, புளியங்கூடல் என்று ஊர் ஊராக மிதித்து ஓடினேன். சோளகக் காற்று முகத்தில் அடித்தது. சைக்கிள் சீற் அவனுடைய உயரத்துக்கே நின்றது. என் நுனிக்கால்தான் மிதியில் எட்டியது, இடுப்பு நொந்தது. அவனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகும் நீர் அந்தச் சைக்கிளைத் தினமும் துடைத்தீரே தவிர, ஒன்றையும் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை.

புளியங்கூடலில் பின் சக்கரத்தில் காற்றுப் போனது. ஒரு கடையில் ஒட்டுப் போட விட்டுவிட்டு, முகம் கழுவப் போனேன். வந்தபோது கடைக்காரர் சிரித்தார்.

“அண்ணை, நீங்கள் எட்டி எட்டி மிதிச்சு வந்ததைப் பாத்தனான். சீற்றைக் கீழை பதிச்சு இறுக்கி விட்டிருக்கிறன். ஏறிப் பாருங்கோ. ஆரின்ரை சைக்கிள்?”

“என்ரைதான்” என்றேன்.

நல்ல மனிசன். சீற்றுக் கம்பியில் இருந்த துருவையும் தேய்த்து எடுத்திருந்தார். இனி உயர்த்துவதென்றாலும் எதுவரை என்று அறிய ஓர் அடையாளமும் இல்லை. துடைத்துத் துடைத்துப் பழகிய உம்முடைய கைக்குத் தெரியுமோ?

அதன் பிறகு வள்ளத்துறை வரை எனக்கு இடுப்பு நோகவே இல்லை. அதைத்தான் உமக்கு நேரில் சொல்ல ஏலாது.

இப்படிக்கு,
அவனுடைய அப்பா