எழுந்து சாப்பிட்ட பொம்மை

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு அம்மா வடிவு எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமென்றால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். நாலு மாதமாக அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் சென்னைக்கு வரும் உன் சிநேகிதன் யேசுதாஸிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

இங்கே கருட சேவைக் கூட்டம் இப்போதுதான் ஓய்ந்தது. புடவைக்குக் குச்சு கட்டும் வேலை நிறைய வருகிறது, கண்தான் மங்கல். உன் அறையில் அந்த தெர்மாகோல் அரண்மனை அப்படியே நிற்கிறது, பல்லி குடித்தனம் வந்துவிட்டது. ஃபேனைத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறேன். பொம்மையின் முடி பறக்கும் என்று சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தி என்னை வேக வைத்தாயே, பாவி! பொம்மையை நூலளவு நகர்த்துவாய், ஒரு போட்டோ எடுப்பாய், திரும்ப நகர்த்துவாய். எத்தனை கறுப்பு வெள்ளைப் படங்களை அப்படி நம் வீட்டு மேசையில் பொம்மைப் படமாக எடுத்துக் கேலி செய்திருப்பாய்! உன் ராஜாக்களுக்கெல்லாம் பட்டு வெட்டுத் துண்டில் உடுப்பு தைத்தவள் நான்தானே.

அந்தக் கடைசிப் படத்துக்கு வருகிறேன். வராமல் எப்படி?

குண்டடிபட்ட கதாநாயகன் அம்மா மடியில் பக்கம் பக்கமாக வசனம் பேசிச் சாவானே, அந்தக் காட்சியைக் கேலி செய்திருந்தாய். எதிர்வீட்டு எல்லம்மாள் குடும்பம் முழுக்க நம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அவன் செத்ததும் அம்மா பொம்மை மாரில் அடித்துக்கொண்டு, சுடுசோறு ஆறிப் போவுது, எழுந்து ஒரு வாய் துன்னுட்டுப் படுய்யா என்று அழுதது. அவன் எழுந்து சாப்பிட்டான். திரும்பச் செத்தான். ரசத்துக்கு ஒரு தரம் எழுந்தான், மோருக்கு ஒரு தரம் எழுந்தான். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன், லோகு. எல்லம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த உன் அப்பாவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்திய அன்று, அந்தப் பொம்மை அழுத அதே வார்த்தையைத்தான் நான் கதறினேன். அப்போது உனக்குப் பதிமூன்று வயது.

டிவியை நிறுத்தினேன். அம்மா பொம்மையின் தலையைத் திருகி எறிந்தேன். பெத்தவ அழுததை ஊரே சிரிக்க வச்சுட்டியேடா என்று கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். அந்த மனுஷன் போனதுக்கு நீ போயிருக்கக் கூடாதா என்றும் கேட்டேன். எல்லம்மாள் என் வாயைப் பொத்த வந்தாள், அதற்குள் சொல்லிவிட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய்.

போன வாரம் எல்லம்மாளின் போனில் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தேன். அன்று பாதியில் நிறுத்தியதால் முடிவு எனக்குத் தெரியாது. மோரைக் குடித்துவிட்டு அவன் தன் கையை அம்மா பொம்மையின் முந்தானையில் துடைக்கிறான். உன் அப்பா தினமும் அப்படித்தான் துடைப்பார், நான் தினமும் திட்டுவேன். வேறு யாருக்கு அது தெரியும்? அப்புறம் ஏப்பம் விட்டு, வயிறு ரொம்பிப் போச்சு, நாளைக்குச் செத்துக்கறேன்மே என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போகிறான். பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ‘மே’ போட்டுப் பெத்த தாயை எவனாவது கூப்பிடுவானா? கூப்பிட்டது உன் அப்பாடா.

நான் அலறியும் எழாத மனுஷனை நீ எழுப்பி உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறாய். அந்தப் படத்துக்காகப் பதினோரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அதைத்தான் செய்தாயா? அப்பாவைக் கிடத்திய அன்று நீ வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லாரும் என்னைத்தான் தாங்கினார்கள். நீ அழுதாயா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கத் தோன்றவே இல்லை, கண்ணு.

நீ இப்போது படமே எடுப்பதில்லை, ஏதோ குடோனில் பார்சல் ஒட்டுகிறாய் என்று யேசுதாஸ் சொன்னான். வயிறு எரிகிறது. அம்மா பொம்மையின் தலையைத் திரும்பத் தைத்துவிட்டேன், கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. இதோடு அனுப்புகிறேன்.

வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. கோபம் தீராவிட்டால் வராதே, பேசக்கூட வேண்டாம். ரோட்டைப் பார்த்துத் தாண்டு. காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. நீ இருக்கணும்டா, லோகு. என்னைத் திட்டிக்கொண்டாவது நூறு வருஷம் இரு.

உன் அம்மா,
வடிவு