இன்றைய வேதபாடத்தை நீயே வாசி

வீட்டம்மாவுக்கு,

சபையில் என்னைத் தேடாதே. என் முறைக்கு நீயே வாசித்துவிடு. வேதாகமத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். காணிக்கையைப் பீடத்தில் விட்டுவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு, ஒப்புரவாகு என்று சொல்லும் பகுதி.

நேற்று நான் உரக்கப் படித்துப் பழகியபோது, "சத்தம் நல்லாத்தான் இருக்கு, உங்க அண்ணன் வீடு வரைக்கும் கேக்குமா?" என்றாய். அதற்குத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கோபம் உன்மேல் இல்லை. அம்மாவின் அடக்கத்தன்று, ஊரே பார்க்க அண்ணனை "நீ யாரு இங்க?" என்று கேட்ட வாய் இது. இதை வைத்துக்கொண்டு எப்படி வாசிப்பது?

அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறேன். வீராப்பெல்லாம் நம் வாசலோடு சரி. சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

அவர் கதவைத் திறக்காவிட்டால் கடைசிப் பாட்டுக்குள் சபைக்கு வந்துவிடுவேன். எதுவும் கேட்காதே.

பி.கு.: அதற்கும் வரவில்லையென்றால், உலையில் ஒரு பிடி கூடுதலாகப் போடு. அவருக்கு உப்பு கம்மி.