சவரிமுத்துவின் ரோமாபுரி

அன்பு மச்சான் சவரிமுத்து,

உன் புத்தகம் வந்துவிட்டது. மதுரை அச்சகத்திலிருந்து போன வாரம் ரயில் பார்சலில் வந்தது. கட்டைப் பிரித்து முதல் பிரதியை உன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். உன் மனைவி பிலோமினா தங்கச்சி அட்டையில் உன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. காப்பியோடு திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது.

இந்தக் கடிதத்தை நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். பலர் முன்னால் நான் உன்னைச் சொன்ன ஒரு சொல்லுக்குத் தனியாக வருந்தினால் போதாது. நடந்ததை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும்.

நீ பாதிரியாராவதற்குக் குருமடத்தில் சேர்ந்து லத்தீன் படித்து, பாதியில் வெளியே வந்து, திண்டுக்கல்லில் வரலாற்று ஆசிரியரானாய். நான் வடமதுரையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து தமிழாசிரியரானவன். ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். மச்சான் என்று முதலில் கூப்பிட்டது நீதான். வரலாற்றைத் தமிழிலேயே படிக்கப்போகும் பிள்ளைகளுக்காக ரோமாபுரியின் கதையைத் தமிழில் எழுதத் தொடங்கினாய். மொழி பார்க்க என்னிடம் தந்தாய்.

நான் சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். பிலாசபி, தியேட்டர் என்று கிரேக்கத்திலிருந்து வந்த சொல் எது கண்ணில் பட்டாலும் அடித்தேன்.

"ரோமாக்காரன் அந்தச் சொல்ல அப்படியேதான் எடுத்துக்கிட்டான் மச்சான். யுத்தத்துல கிரேக்கத்தச் செயிச்சான், சிலையக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தான். சொல்லும் கூடவே வந்துச்சு. அடிமையாப் பிடிச்சிட்டு வந்த வாத்தியார்கிட்டயே பிள்ளைகளப் படிக்க விட்டான்" என்றாய்.

"அடிமைகிட்டப் பாடம் கேட்டவன் செயிச்சவனா, மச்சான்?"

"செயிச்சவன்தான் அப்பு கூசாமக் கேப்பான். தன்மேல நம்பிக்கை இல்லாதவன்தான் பயப்படுவான்."

"அவன் தோத்தவன்கிட்ட வாங்கினான். நம்மள ஆண்ட வெள்ளக்காரன்கிட்ட நாம வாங்கினா அதுவும் இதுவும் ஒண்ணா?"

நீ யோசித்தாய். "ஒண்ணு இல்லதான். நம்ம கதை வேற" என்று ஒப்புக்கொண்டாய். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் பேச்சு மறுபடி எழுந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "கோயில்ல லத்தீன்ல பூசை கேக்குறவனுக்குத் தமிழ் அருமை எப்படிலே தெரியும்?"

நீ பேனாவை மூடினாய், தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாய். எட்டு மாதம் நாம் பேசவில்லை. வராந்தாவில் எதிரெதிரே வந்தால் நான்தான் முகத்தைத் திருப்பினேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தவனுக்குத்தான் அப்படித் திருப்பத் தோன்றும் போலிருக்கிறது.

கோடை விடுமுறையில் உனக்குக் காமாலை வந்தது. நான் ஊரில் இருந்தேன். நீ போன செய்தி தாமதமாக எட்டி, நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் பிலோமினா உன் கையெழுத்துப் பிரதியோடு என் வீட்டுக்கு வந்தது. "அண்ணே, நீங்க பாத்துத் தந்தாத்தேன் அச்சுக்குக் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காக" என்றது.

பிரித்துப் பார்த்தேன். நான் திருத்திய வாக்கியங்களில் முக்கால்வாசியை நீ ஏற்றுக்கொண்டிருந்தாய். நான் அடித்த கிரேக்கச் சொற்களை மட்டும் திரும்ப எழுதி, பக்கத்தில் நான் தந்த தமிழ்ச் சொல்லையும் சேர்த்திருந்தாய். ஏழாம் அத்தியாயம் ரோமின் ஒரு கிழவரைப் பற்றியது. கிரேக்கப் படிப்பு வந்தால் ரோம் கெட்டுப்போகும் என்று கடைசிவரை சண்டை போட்டவர், முதுமையில் அதே கிரேக்கத்தைப் படிக்க உட்கார்ந்தார். என்னைக் கேலி செய்யத்தான் அவரை எழுதியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

நீ எழுதியிருந்தது இது: "அவருடைய கோபம் அக்கறையில் பிறந்தது. அவரைப் போன்ற காவல்காரர்கள் இருந்ததால்தான் லத்தீன் கிரேக்கத்தில் கரைந்துபோகாமல் தன் காலில் நின்றது. வாங்குகிறவனும் வேண்டும், வாசலில் நிற்கிறவனும் வேண்டும்."

தாளின் மூலையில் நாள் போட்டிருந்தாய். நாம் பேசாதிருந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்.

பிலோமினாவிடம் போய், நான் சொன்ன சொல்லைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அவுக அன்னைக்கே மறந்துட்டாக. நீங்கதேன் எங்க வீட்டுப் பக்கமே வரல" என்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மச்சான்.

அதன்பின் இரண்டு வருடம் உன் பிரதியோடு உட்கார்ந்தேன். நீ திரும்ப எழுதிய ஒரு சொல்லையும் நான் தொடவில்லை. இரண்டு இடத்தில் உன் இலக்கணம் தவறு. அதைத் திருத்தினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

உன் கோயிலில் இப்போது தமிழில் பூசை. பிலோமினா கூப்பிட்டது, போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லாம் எனக்குப் புரிந்தது. உனக்கு இது சந்தோஷமாக இருந்திருக்குமா, அந்தப் பழைய லத்தீனுக்காக ஏங்கியிருப்பாயா? கேட்க ஆள் இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் உன் புத்தகத்தைப் புது வரலாற்று ஆசிரியர் நடத்தினார். நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன். "சார், கடைசியில யாரு சார் செயிச்சா, ரோமா கிரேக்கமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்: "ரெண்டு பேருமே அழியலம்மா. அந்த ரெண்டு பேரையும் இன்னிக்கு நீ தமிழ்ல படிக்கிற. அப்ப நீயும் செயிச்சிட்ட."

உன் அலமாரியில் கிரேக்க நாட்டைப் பற்றி நாற்பது பக்கக் குறிப்பு இருக்கிறது. அதை நான் புத்தகமாக்குவேன். எதிர்வாதம் பேச நீ இல்லாததால் உன் பக்கத்தையும் நானே பேசவேண்டியிருக்கிறது. அதில் உன்னை ஒருநாளும் தோற்கவிடமாட்டேன்.

உன் பிலோமினாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
வடமதுரை பெருமாள்