ஆற்றங்கரையில் நாலு இரவு

கனகராயன்குளம்,
14.03.1995

அன்பு மகன் வினோதனுக்கு அம்மா எழுதுவது,

அந்தக் குளிருக்குள் உனக்கு ஒரு நோய் நொடி வரக்கூடாதென்று முறிகண்டிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். நானும் உன் தங்கச்சி பிரேமிளாவும் இருக்கிறோம், சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, உளுந்து பிடுங்கியாகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, இது யாருடைய கை என்று யோசிக்காதே, என் கைதான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தின கை, நாற்பது வருடமாகக் கொப்பி பேனை தொடாத கை. இவ்வளவு காலமும் உனக்கு வந்ததெல்லாம் அப்பா சொல்லச் சொல்லப் பிரேமிளா எழுதியது என்று உனக்குத் தெரியும். இதையும் எழுதித் தா என்று கேட்டேன், அவள் பேனையை மேசையில் போட்டுவிட்டு, நீங்க தொடங்கின பொய்யை நீங்களே முடிச்சுவையுங்கோ அம்மா, என்னால ஏலாது என்று குசினிக்குள் போய் இருந்துவிட்டாள். ராசா, இதை நின்றுகொண்டு படிக்காதே. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார். உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லது.

அப்பா இல்லையடா. போன ஆவணி ஆறாம் தேதி விடியற்காலையில் காய்ச்சலில் போய்விட்டார். ஏழு மாதம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு அப்பா பெயரில் உனக்கு வந்த நாலு கடிதமும் நான் சொல்லித் தங்கச்சி எழுதியவை. எழுதிவிட்டேன். இந்த மூன்று வரியை எழுத மூன்று நாளாகக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், இடையில் நிறுத்தாமல் படி. போன வருடம் சித்திரை முடிய உன் கடிதம் வந்ததே, உன் முதலாளி உன்னை ஓர் ஆற்றுக்குக் கூட்டிப் போனார், நெஞ்சு வரைக்கும் வரும் றப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசினீர்கள், இரவு கரையில் கூடாரம் அடித்துப் படுத்தீர்கள், நான் ஊருக்கு வந்தால் அப்பாவும் நானும் இப்படியே நம்முடைய ஆற்றோடு நாலு இரவு தங்கி மீன் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதை அப்பா எத்தனை தரம் வாசிக்கச் சொன்னார் என்று கணக்கே இல்லை. தண்ணி படாம மீன் பிடிக்கிறானாம்டி உன் மகன், மாப்பிள்ளை முறுக்கப் பாரு என்று சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்கு அந்தக் கூடாரக் கதைதான் பிடிக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து மூன்று மாதம் தறப்பாளுக்குக் கீழே மழையில் நனைந்துகொண்டு கிடந்தோம், இவன் ஆயிரம் மைல் கடந்து வந்து திரும்பவும் தறப்பாளுக்குக் கீழே படுக்கப் போகிறானா, வீட்டில் பாய் இல்லையா என்று கேட்டேன். உனக்கு அது விளங்காது மீனம்மா என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தடி வெட்டிக்கொண்டு வந்து உனக்கென்று ஒரு புதுக் கரப்புப் பின்னத் தொடங்கினார். நீ தூண்டிலை மறந்துவிட்டு, சின்னப் பிள்ளையில் செய்ததுபோல அடியில்லாத அந்தக் கூடையைத் தண்ணீருக்குள் குத்திக் குத்தி நடந்து, உள்ளே அகப்பட்டதைக் கையை விட்டுப் பிடிக்க வேண்டுமாம். அது அவருடைய ஆசை.

ஆடி நடுவில் தண்ணீர் வற்றினதும், அவன் வரும்போது எங்கெங்கே படுக்கலாம் என்று இப்போதே பார்த்து வைக்க வேண்டும் என்று புறப்பட்டார். நீ எப்போது வருவாய் என்று உனக்கே தெரியாத நேரம். பைத்தியமா உங்களுக்கு, அவனுக்கு அங்க தங்கி இருக்கிறதுக்கே ஒரு கடதாசியும் கிடைக்கல்ல, நீங்க இங்க படுக்கை போடுறீங்க என்று ஏசினேன். அவர் அரிசி, உப்பு, செத்தல் மிளகாய், நாலு தேசிக்காய் எல்லாவற்றையும் சாரத்தில் முடிந்துகொண்டு தன் கூட்டாளி ஆண்டியப்பனோடு போய்விட்டார். மூன்று இரவு ஆற்றோடு படுத்து நாலாம் நாள் கறுத்துப்போய் வந்து, கோர்வையில் கட்டின ஏழு விராலை என் முன்னால் போட்டார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கலியாணத்தன்றும் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு கிழமை கழித்துத்தான் நடுக்கம் வந்தது. மலேரியா இங்கே எல்லா வீட்டிலும் வந்து போவதுதானே, வேப்பம்பட்டை அவித்துக் கொடுத்தேன், இரண்டு குளிசை கிடைத்தது, அதையும் கொடுத்தேன். நாலாம் நாள் ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கினார். உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கேயும் மருந்து இல்லாத காலம், யாரைக் குற்றம் சொல்வது. ஆறாம் நாள் முடிந்துவிட்டது.

நீ இப்போது என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் அந்தக் கடிதம் எழுதியிராவிட்டால் அவர் ஆற்றுக்குப் போயிருக்கமாட்டார் என்று நினைக்கிறாய். ஊரிலும் அப்படிச் சொன்ன வாய்கள் உண்டு. கேள் மகனே, பெற்றவள் சொல்கிறேன். ஆண்டியப்பனும் அதே மூன்று இரவு அதே மணலில்தான் படுத்தான், அவன் இன்றைக்கும் கல்லுப்போல் திரிகிறான். கனகமணி வீட்டை விட்டு இறங்காத கிழவி, அவவும் அதே கிழமை அதே காய்ச்சலில்தான் போனா. கடிக்கிற நுளம்புக்கு ஆறென்றும் வீடென்றும் தெரியாது. உன் கடிதம் அவருக்குக் கடைசி மூன்று மாதம் கொடுத்த சந்தோசத்தை நான் இந்த இருபத்தெட்டு வருடத்தில் கொடுக்கவில்லை. இதை உனக்கு நேரே நின்று சொல்ல முடியாமல் போயிற்றே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். பக்கத்து வளவு ஞானேஸ்வரியின் மகன் தகப்பன் செத்த செய்தி கேட்டதும் ஜெர்மனியில் இருந்து கொள்ளி வைக்க ஓடி வந்தான், வழியில் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு மாதம் எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் வைத்திருந்து விட்டார்கள், பிறகு அவனுக்கு அந்த நாடும் இல்லை, இந்த நாடும் இல்லை. நீயும் மூத்தவன். நீ கொள்ளி வைக்க வேண்டியவன். செய்தி கேட்டால் அகதி வழக்கையும் வேலையையும் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. ஒருவரைச் சுடலைக்கு அனுப்பியாயிற்று, மற்றவரையும் விட நான் தயாராக இல்லை. சித்தப்பா மகன் சாருஜன்தான் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பிறகு எழுதுவோம் என்று நினைத்து அப்பா சொன்னதுபோல் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். டேய் துரை என்று தொடங்கி உன்னை நக்கல் அடிப்பாரே, அப்படியே. தங்கச்சி அழுதுகொண்டே எழுதினாள். அந்த ஒன்றோடு நிற்கும் என்று நினைத்தேன்.

ஆனால் நீ உடனே பதில் போட்டாய், பதிலில் முழுக்கக் கேள்வி. முதல் இரவு எங்கே தங்குவது, மருதமரத்தடியில் மணல் இறுக்கமா இளக்கமா, ஆவணியில் வளைவில் தண்ணீர் எதுவரை நிற்கும், முதலை உண்டா. எனக்கு என்ன தெரியும் ஆற்றைப் பற்றி. நான் அந்த ஆற்றில் துணி தோய்த்தவள், அவ்வளவுதான். ஆண்டியப்பனைக் கேட்டேன், அவன் சொன்னதில் பாதி விளங்கவில்லை. பொய்யாக எழுதினாலும் ஆறு பொய்யாக இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. புரட்டாசியில் ஒரு நாள் காலை அவனையும் அவன் பெண்சாதி ராக்காயியையும் கூட்டிக்கொண்டு நானே போனேன். தாலி கழற்றி நாற்பது நாள் ஆகவில்லை, ஆத்துல இறங்கி மீன் பிடிக்கப் போறா என்று ஒழுங்கை முழுக்கக் கதை. கதைக்கட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பா உனக்கென்று பின்னின கரப்பைக் கையில் பிடித்து இறங்கினேன். காலைத் தூக்கி வைக்காதீங்க அக்கா, மணலை உரசிக்கிட்டே போங்க, கெளுத்தி முள்ளு ஏத்திப்புடும் என்றான் ஆண்டியப்பன். முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. வளைவில் என் நெஞ்சுக்கு வந்தது, உனக்கு இடுப்புக்குத்தான் வரும். அந்த இடத்தில் கரப்பைக் குத்தினேன், உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது, கையை விட்டால் ஒரு விரால். பிடித்துவிட்டேன், இஞ்ச பாருங்க என்று கரையைப் பார்த்து அவரைக் கூப்பிட்டேன். வாயில் வந்துவிட்டது மகனே. ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டாள். செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. தங்கச்சிக்கு முன்னால் அழக்கூடாதென்று அடக்கி வைத்ததெல்லாம் அந்தத் தண்ணீருக்குள்தான் வந்தது. மீன் நழுவிப் போய்விட்டது. அன்றைக்குத்தான் உனக்கு, வளைவில் தண்ணி உன் இடுப்பளவு, மணல் இறுக்கம், பயப்படாதே என்று கடிதம் எழுதச் சொன்னேன். அது உண்மை, நான் அளந்தது.

கைநாட்டை எப்படிச் சமாளிப்பது என்றுதான் பயந்தேன். கடிதத்தின் கீழே எப்போதும் பெருவிரலை மையில் தொட்டு அமுக்குவாரே, அது இல்லாவிட்டால் நீ கேட்பாய். என் விரலை வைத்தேன். நாலு தரம் வைத்தேன். உனக்கு எங்கே தெரியப்போகிறது, எல்லா விரலும் மையில் ஒன்றுதானே என்று நினைத்தேன். போன மாதம் நீ எழுதியிருந்தாய், அப்பாட பெருவிரல் சின்னனாப் போச்சு, ஆள் நல்லா மெலிஞ்சிட்டாரோ, அம்மா அவருக்கு முட்டை அவிச்சுக் குடுங்கோ என்று. அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தங்கச்சி என்னைப் பார்த்தாள் ஒரு பார்வை. பிள்ளை கைநாட்டைக்கூட இப்படி உற்றுப் பார்க்கிறான், அவனை ஏமாற்றுகிறேனே என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதே கடிதத்தில்தான் உனக்குக் கடதாசி கிடைத்துவிட்டது, ஓகஸ்டில் மூன்று கிழமை லீவு, பாலத்தடியில் அப்பாவை நிற்கச் சொல்லுங்கோ என்றும் எழுதியிருந்தாய். நீ சந்தோசத்தோடு பாலத்தடியில் வந்து இறங்கி அவரைத் தேடுவதை என்னால் பார்க்க முடியாது. திட்டு வாங்குவது இப்போதே ஆகட்டும்.

இரண்டு மாதமாக இங்கே வெடிச்சத்தம் இல்லை. பேச்சுவார்த்தை என்கிறார்கள், பாதை திறக்கும் என்கிறார்கள், சனம் வீட்டுக்கு ஓடு மாற்றுகிறது. அப்படியே இருந்தால் நீ வா. அப்பாவின் ஆண்டுத் திவசமும் நீ நிற்கும் அந்த மூன்று கிழமைக்குள்தான் வருகிறது, வளைவுக்குப் பக்கத்தில் மணலில் வைத்துச் செய்வோம், ஐயரிடம் கேட்டுவிட்டேன், வருகிறாராம். நீ கொள்ளி வைக்காத குறை அதில் கொஞ்சமாவது தீரட்டும். வரும்வரை தலைமுடி வெட்டாதே, இங்கேதான் எடுக்க வேண்டும். திவசம் முடிந்த பிறகு அவர் பார்த்து வைத்த இடங்களில் நாலு இரவும் தங்குவோம், ஆண்டியப்பன் வழி காட்டுவான், யானைக்கு நெருப்பு மூட்ட விறகுக்கும் சொல்லியாயிற்று. நானும் வருவேன், தறப்பாளுக்குக் கீழே படுப்பேன், இனி எனக்கு என்ன வெட்கம். கூடாரம் கொண்டுவருவதென்றால் பச்சை நிறத்தில் கொண்டுவராதே, சோதனையில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். டோர்ச்சுக்குப் பற்றறி கொண்டுவர வேண்டாம், பறித்துவிடுவார்கள். மலேரியாக் குளிசையைப் புறப்பட ஒரு கிழமைக்கு முன்பிருந்தே விழுங்கத் தொடங்கு, மறந்துவிட்டேன் என்று என்னிடம் வந்து நிற்காதே. திரும்பச் சண்டை தொடங்கினால் மட்டும் வராதே ராசா, விமான ரிக்கற் காசு போனால் போகட்டும், திவசம் அடுத்த வருடமும் வரும், நீ ஒருவன்தான் எனக்கு.

கோபமென்றால் எழுதித் திட்டு. எத்தனை பக்கமும் திட்டு, நானே எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, அந்தத் தண்டனையை அம்மாவுக்குக் கொடுக்காதே. வேளைக்குச் சாப்பிடு, அழுகை வந்தால் அழு, தனியே இருந்து அழாதே. நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் தலையைத் தொட்டதாக நினைத்துச் சொல்கிறேன்.

ஒன்று மறந்துபோகாதே. இனிமேல் உறையில் என் பெயரை எழுது. தபால்காரர் அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து பாடை தூக்கினவர், என்றாலும் உறையில் உள்ளதைத்தானே அவர் கூப்பிட வேண்டும். படலையில் சைக்கிளை நிறுத்தி மெதுவாக வீரபாகு என்று கூப்பிடுகிறார். ஒவ்வொரு தரமும் நான் அடுப்படியில் இருந்து, உங்களைத்தான் கூப்பிடுறாங்க, போய்ப் பாருங்க என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வீ. மீனம்மா